தன்னலமற்ற செட்டியாருக்கு ஒரு கட்டில்

ஓணாங்குளத்தில் கிணறுதான் கிடையாது, யோசனைக்குப் பஞ்சமே இல்லை. வயிரவன் செட்டியார் தன் செலவில் கிணறு வெட்டித் தர இடம் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. வரவேற்றுப் பேசும் பொறுப்பு கூத்தையன் தலையில் விழுந்தது. அதுவரை அவன் மாட்டிடம் மட்டும்தான் நின்று பேசியிருக்கிறான்.

பக்கத்து ஊர் வாத்தியாரிடம் ஓடினான்.

"தன்னலமற்றங்கிற சொல்லை வச்சு ஒரே ஒரு வாக்கியம் சொல்லு. சரியாச் சொல்லணும். மனுஷன் அப்படியே குளிர்ந்துபோயிடுவார்" என்றார் அவர்.

கூத்தையன் வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். கூட்டாளிகள் வெள்ளைச்சாமியும் பிச்சாண்டியும் அவனோடு உட்கார்ந்து அர்த்தம் பார்த்தார்கள்.

"நலம்னா என்ன?" என்றான் வெள்ளைச்சாமி.

"நலம், நலமறிய ஆவல்னு எழுதுவாங்கல்ல, அதுதான். உடம்பு சௌக்கியம்" என்றான் பிச்சாண்டி.

"அற்றன்னா?"

"இல்லாமப் போன."

கூத்தையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த உடம்போட நமக்காக வர்றாரே. குளிர்ந்துபோயிடுவார்னு வேற வாத்தியார் சொன்னாரு."

"அப்ப கம்பளி வேணும்" என்றான் பிச்சாண்டி.

சித்திரை வெயிலில் செட்டியார் வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். ஆள் தேக்குமரம் மாதிரி இருந்தார். எதிரே கட்டில் போட்டிருந்தது.

"தன்னலமற்ற ஐயா, தயவுசெய்து படுங்கள்" என்றான் கூத்தையன். வாக்கியம் பிசகாமல் வந்ததில் அவனுக்குப் பெரிய நிம்மதி.

என்னவோ ஊர் வழக்கம் என்று நினைத்துச் செட்டியார் கட்டிலில் உட்கார்ந்தார். மறுகணம் வெள்ளைச்சாமி காலைத் தூக்கிப் படுக்கவைத்தான். பிச்சாண்டி இருந்த கம்பளியெல்லாம் போர்த்தினான். கூத்தையன் வேப்பங்கஷாயத்தை வாயருகே கொண்டுபோனான்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா."

"முத்திப்போனா அப்படித்தான் தோணுமாம், ஐயா."

வேர்வையில் தொப்பலாக நனைந்த செட்டியார் கம்பளிகளை உதறிவிட்டு வண்டியில் தாவி ஏறினார். "கிணத்தை எங்க வேணுமோ வெட்டிக்கங்க. ஆளையும் பணத்தையும் அனுப்பறேன். நான் வரமாட்டேன்."

வண்டி கிளப்பிய புழுதியைக் கூத்தையன் கும்பிட்டான். "தன் கஷ்டத்தை வெளிய சொல்லல. நம்ம தாகத்தைத்தான் நெனைச்சாரு. இப்பேர்ப்பட்ட குணத்துக்கு நம்ம பாஷையில ஒரு சொல்லு இல்லாமப் போச்சே."

கிணறு வெட்டி முடியும்வரை மூவரும் அந்தச் சொல்லைத் தேடினார்கள். கடைசியில் கூத்தையனே கண்டுபிடித்துக் கல்லில் செதுக்க வைத்தான்:

"கஷாயம் குடிக்காத வயிரவன் செட்டியார் உபயம்."