காத்திருப்போர் கூடத்தின் திரை

"நான் வரையறது எதுவுமே வரைஞ்ச மாதிரி வெளிய வர்றதில்ல ரெஹானா" என்றாள் தாட்சாயணி.

ரெஹானா ஜன்னலோரம் நின்று துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

ஒருகாலத்தில் தாட்சாயணிக்குக் கீழே வேலை பார்த்தவள் ரெஹானா. வயதிலும் இளையவள். வேலையை விட்டுவிட்டு இப்போது நாலைந்து பேருக்கு வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிறாள். பழைய அலுவலகத்தில் யாருக்காவது மனம் முட்டிக்கொண்டால் அவளைத் தேடி வருவார்கள். போய்வந்தவர்களிடம் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆனாலும் மறுபடி போவார்கள்.

தாட்சாயணி இன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருந்தாள்.

அவள் வேலை ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தில். ஊருக்கு ஊர் கிளை. அத்தனைக்கும் மென்பொருள் செய்ய ஒரு கட்டடம் நிறைய ஆட்கள். படுக்கைக்கு ஒரு குழு, மருந்துக்கு ஒரு குழு, அறுவை அரங்குக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவும் இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு வேலையை முடித்துக் காட்டியாக வேண்டும். அதை ஸ்பிரிண்ட் என்பார்கள். பெயருக்கேற்ற ஓட்டம்தான்.

எல்லாக் குழுக்களுக்கும் கணினித் திரைகளை வரைந்து கொடுப்பவள் தாட்சாயணி. அவள் இருப்பது மேல்மாடி. கீழ்மாடிகளிலிருந்து கேட்பார்கள், வரைந்து அனுப்புவாள். கையில் இருக்கும் நேரத்துக்குத் தக்கபடி அவர்கள் அதை வெட்டிக்கொள்வார்கள்.

மற்றதெல்லாம் போகட்டும். ஒன்றை மட்டும் அவளால் விடமுடியவில்லை.

அறுவை அரங்குக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்காக அவள் ஒரு திரை வரைந்திருந்தாள். உள்ளே போனவருக்கு இப்போது என்ன நடக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், யார் பார்க்கிறார்கள் எல்லாம் அதில் தெரியும். நிறமெல்லாம் யோசித்து யோசித்து வைத்தது. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் அது அடுத்ததற்குத் தள்ளிப்போயிற்று.

"அதை யாருக்காக வரைஞ்சீங்கக்கா?"

தாட்சாயணி சொன்னாள். அப்பாவுக்கு இதய அறுவை நடந்த அன்று ஒரு முழுப் பிற்பகல் அந்த மாதிரிக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். ஒவ்வொரு முறையும் அது வேறு யாருக்கோ வந்த செய்தி. அப்பா நல்லபடியாகத் திரும்பி வந்தார். இன்றைக்கும் காலையில் நடைக்குப் போகிறார். அந்தப் பிற்பகல்தான் அவளை விட்டுப் போகவே இல்லை.

ரெஹானா கடைசித் துணியை மடித்து வைத்தாள்.

"அங்க போலாமா?"

இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். அறுவை அரங்குக்கு வெளியே உள்ள கூடத்தில் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். தாட்சாயணி தான் கவனித்துவைத்ததையெல்லாம் தாழ்ந்த குரலில் காட்டினாள். அதோ அந்த அம்மா கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெரியவர் கழிப்பறைக்குக்கூட எழுந்து போகப் பயப்படுகிறார், அந்நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வதென்று. இதற்கெல்லாம் தன் வரைபடத்தில் விடை இருக்கிறது என்றாள்.

ரெஹானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வாசலுக்கு வந்து ஆட்டோவில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாவே இருந்துச்சு."

ஆட்டோ போய்விட்டது.

இதென்ன பேச்சு என்று தாட்சாயணிக்கு எரிச்சல் வந்தது. நாற்காலி என்றால் காலியாக இருக்காதா.

அடுத்த வாரம் அறுவை அரங்குக் குழுவின் திட்டக் கூட்டம். கார்மேகம் என்பவன் அந்தக் குழுவில் நிரல் எழுதுகிறவன். மதுரைப் பக்கத்து ஆள், முகத்துக்கு நேரே பேசுவான். அவள் திரையைப் பார்த்துவிட்டு, இது பெரிய வேலை, இந்தத் தடவையும் முடியாது என்றான். பிறகு, குத்திக்காட்டுவதற்காக இல்லாமல் நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"இதை யாருங்க பாக்கப்போறா?"

தாட்சாயணி வழக்கம்போல வரைபடத்தை விளக்க எழுந்தாள். நாக்கு நுனிவரை எல்லாம் வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு முகங்கள். கெட்டவர்கள் இல்லை. ஒருவர்கூட அந்தக் கூடத்தில் உட்கார்ந்தவர் இல்லை. இதுவரை அவர்களுக்கு வரைபடத்தைத் தந்திருந்தாள், விவரக்குறிப்பு தந்திருந்தாள். அந்தப் பிற்பகலை மட்டும் தனக்கென்றே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, போய் உட்காருவோம்" என்றாள்.

கார்மேகமும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். வேலை கெடுகிறதே என்ற முகத்தோடுதான் வந்தார்கள். கார்மேகம் அவள் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் போனைப் பார்த்தான்.

எதிரே விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர். மனைவி உள்ளே இருந்தாள். கார்மேகத்தின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து வந்தார்.

"தம்பி, உள்ள எப்படி இருக்குன்னு எதாவது தெரியுமா?"

கார்மேகம் தாட்சாயணியைப் பார்த்தான். தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எழுந்துபோய்க் கதவோரம் காத்து நின்று, வெளியே வந்த நர்ஸிடம் கேட்டுக்கொண்டு திரும்பினான். ஆரம்பித்துவிட்டார்கள், எல்லாம் சரியாகப் போகிறது என்றான். அந்த மனிதர் போய் உட்கார்ந்து, காலையிலிருந்து மடியிலேயே வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு இட்லியைப் பிட்டார்.

கார்மேகம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அவன்தான் பேசிக்கொண்டே வந்தான். அந்த நர்ஸிடம் அவன் இன்னொன்றும் கேட்டிருந்தான். இப்படி ஒரு திரை வைத்தால் நிலவரத்தை நீங்கள் பதிவு செய்வீர்களா என்று. கையுறையோடு எங்கே தம்பி டைப் பண்றது என்று அவள் சிரித்தாளாம். தாட்சாயணிக்குச் சுருக்கென்றது. கதவின் இந்தப் பக்கம்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தை ஒருநாளும் நினைத்ததில்லை.

நோயாளியின் கையில் எண் அச்சிட்ட ஒரு பட்டை கட்டியிருக்கும். அரங்குக்குள் கொண்டுபோகும்போதும் வெளியே கொண்டுவரும்போதும் அதை ஸ்கேன் செய்கிறார்கள். அது போதுமே, யாரும் எதையும் எழுதவேண்டாமே என்றான் கார்மேகம்.

அந்த ஸ்பிரிண்டிலேயே முடித்துவிட்டார்கள்.

கூடத்துச் சுவரில் திரை வந்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து. நோயாளியின் எண், பக்கத்தில் ஒரே ஒரு வரி. உள்ளே சென்றுவிட்டார், சிகிச்சை நடக்கிறது. இல்லையென்றால், முடிந்தது, மயக்கம் தெளியும் அறையில் இருக்கிறார். அவ்வளவுதான். பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மெல்ல எழுந்து கழிப்பறைக்குப் போனார்.

தாட்சாயணி வெகுநேரம் அதன் கீழே நின்றாள். அவள் வைத்த நிறம் அதில் இல்லை. மீதி நேரத்தைக் காட்ட அவள் வரைந்திருந்த அந்த மெல்லிய வளையம் இல்லை. எத்தனை மாதமாக அதைக் கண்ணுக்குள் சுமந்திருந்தாள். அது இனி எந்தச் சுவரிலும் வரப்போவதில்லை.

ரெஹானாவிடம் போனாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என் கோடு ஒண்ணுகூட அதுல இல்ல."

ரெஹானா அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஆறும்வரை காத்திருந்தாள்.

"ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?"

தாட்சாயணி சொன்னாள். மருந்துக் குழுவுக்குச் செய்தி எட்டி, அவர்களையும் ஒருநாள் கார்மேகம் மருந்துக் கடை வரிசைக்கு அழைத்துப் போயிருக்கிறான். அவளிடம் சொல்லக்கூட இல்லை. பிறகு ஒரு காலையில் மேல்மாடி ஏறி அவள் மேசைக்கு வந்து நின்றான். இதுவரை யாரும் அங்கே ஏறி வந்ததில்லை. ஏதோ வேண்டுமென்று வந்திருக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"வேண்டியிருந்துச்சா?"

"இல்ல. ஒண்ணு கேட்டுட்டுப் போனான்."

"என்ன கேட்டான்?"

"அடுத்து நாம யாரைப் பாக்கப் போறோம்னு."

"யாரு போறதுன்னு சொன்னான்?"

"நாம" என்றாள் தாட்சாயணி.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது.