பட்டில் சுற்றிய மதகு ஏடு

முன்னொரு காலத்தில் தண்டலை நாட்டை மழவரையர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வெற்றிலை மெல்லும்போது ஒரு தீர்ப்பு, துப்பியதும் வேறு தீர்ப்பு. அப்பேர்ப்பட்ட நீதிமான்!

அந்நாட்டுப் பெரிய ஏரிக்கு மதகுக்காரி சடைச்சி. எந்த மழைக்கு எந்த மதகை எவ்வளவு திறப்பது என்ற முறையெல்லாம் ஓர் ஏட்டுக்கட்டில் எழுதப்பட்டு மதகடியிலேயே தொங்கும். யாரும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். புதிதாக ஒரு வரி சேர்த்தால் அதையும் அங்கேயே தொங்கவிட வேண்டும். அதுதான் வழக்கம்.

அரசவைப் பண்டிதர் வித்தகநாதருக்கு இது பொறுக்கவில்லை. பட்டில் சுற்றிய ஒரு கட்டோடு வந்து, "அரசே! மதகடியில் தொங்கும் முறை முழுக்க என் பாட்டனார் எழுதியது; சடைச்சி திருடிவிட்டாள். இனி என் அனுமதி இல்லாமல் ஒரு மதகும் திறக்கக் கூடாது" என்றார்.

ராஜா மென்றுகொண்டே, "சரிதான்" என்றுவிட்டார். அனுமதி கிடைக்காமல் மதகு மூடியே கிடக்க, எட்டே நாளில் நடவு வயல் வெடித்தது. சடைச்சி அவைக்கு ஓடிவந்தாள்.

"சாமி, இவரோட வரி எது எதுன்னு காட்டச் சொல்லுங்க."

"காட்டினால் திருடிவிடுவாள்!" என்று பண்டிதர் பட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். ஏற்கெனவே திருடிவிட்டாள் என்பதுதானே வழக்கு என்று கேட்க அவையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள், பாவம்.

"காட்ட வேண்டாம் ஐயா. 'விடாமழைக்கு மூன்றாம் மதகை முழுக்கத் திற'ன்னு ஒரு வரி. அதுவும் பாட்டனார்தானா?"

"சந்தேகமென்ன? ஐந்தாம் ஏட்டில் இருக்கிறது!"

ராஜா மெல்வதை நிறுத்தினார். "போன ஐப்பசியில் அந்த வரியால்தானே என் பள்ளியறையில் தவளை நீந்தியது? எழுதினவனை ஏரி மண் சுமக்கவைப்பேன் என்றேனே!"

பண்டிதர் ஏட்டுக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "அந்த ஒரு வரி மட்டும் எங்களுடையது இல்லை, அரசே!"

"பிறகு யாருடையது?"

சடைச்சி முன்னே வந்தாள். "என்னுது சாமி. போன ஆடியில சேர்த்தேன். வெள்ளம் வடிஞ்ச மறுநாளே 'பாதி திற'ன்னு திருத்தித் தொங்கவிட்டேன். எல்லாரும் திருத்திக்கிட்டாங்க. ஐயா அதுக்கு முன்னாடியே பார்த்து எழுதிக்கிட்டுப் பட்டுல சுத்திட்டதால, அவர் கட்டுல மட்டும் தப்பு அப்படியே இருக்கு. போன வருஷம் நான் எழுதினதை, செத்துப்போன பாட்டனார் எப்ப எழுதினார்?"

ராஜா வெற்றிலையைத் துப்பினார். "மதகைத் திற, சடைச்சி. ஏடு பழையபடி தொங்கட்டும். பண்டிதரே, எல்லா வரியும் உம்முடையது என்றீரே, மண்ணையும் நீரே சுமக்க வேண்டும்!"

அன்று மாலையே வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. வித்தகநாதர் மண் கூடையை இடுப்பில் வைத்துத் தள்ளாடுவதைச் சடைச்சி பார்த்தாள்.

"தலையில வையுங்க ஐயா, கனம் தெரியாது. சும்மாதான் சொல்லித்தர்றேன். நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்க."