பொன்னாயி வீட்டுப் பொன்வண்டு

ஆற்றோரத்தில் ஒரு பெரிய மருதமரம். பொந்துக்குப் பொந்து குடித்தனம். உச்சிப் பொந்தில் பொன்னாயி என்ற இருவாச்சிப் பறவை. அதற்கு நேர் கீழே கருமன் என்ற கருங்குரங்கு. பக்கத்துக் கிளையில் மலையணில். அணில்தான் மரத்துக்குத் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, கூட்டம் போடும் ஆசை அதைத் தவிர வேறு யாருக்கும் இல்லை, அவ்வளவுதான்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் உட்கார்ந்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் சன்னல். கணவன் வெளியே இருந்து பழம் ஊட்டுவான். குஞ்சு தேறும்வரை அவளுக்கு அந்த இருட்டுதான் உலகம். பாவம், தனியாகக் கிடக்கிறாளே என்று பொன்னாயியின் கணவன் தவசி ஒரு பொன்வண்டைப் பிடித்து வந்து உள்ளே விட்டான். அவள் அதை ஆசையாக வளர்த்தாள். பச்சையும் பொன்னுமாக மினுங்கும் அதோடு பேசிப் பேசியே பொழுதை ஓட்டினாள். ஒரு குஞ்சும் பொரிந்தது.

கருமனுக்குப் புகைப் பழக்கம். மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் வீசும் பீடித் துண்டை அணைவதற்குள் பொறுக்கி வந்து, பொந்தில் சாய்ந்து இழுப்பான். மனிதனிடம் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்க, இதைத்தான் கற்றானாம், போங்கள்! அந்த மரத்தின் உள்ளே அடிமுதல் உச்சிவரை ஓட்டை. புகை நேரே ஏறிப் பொன்னாயி வீட்டில் நிறைந்தது. குஞ்சு விடாமல் இருமியது.

தவசி கருமனிடம் போய்ப் பணிவாகத்தான் சொன்னான். கருமனுக்கு வந்ததே கோபம். என் பொந்து, என் பீடி, உனக்கென்ன என்றான். பிடிக்காவிட்டால் உன் பெண்டாட்டி வெளியே வந்து காற்றாட உட்காரட்டுமே என்றும் சொன்னான். அவளால் வர முடியாது என்றான் தவசி. பிடிவாதக்காரி என்றுதான் மரமே பேசிக்கொண்டது.

அணில் கூட்டம் போட்டது. கருமன் கெட்டிக்காரன். தன் புகைப் பேச்சு வருவதற்குள் பொன்வண்டுப் பேச்சை எடுத்தான். மரத்தில் குடியிருக்கிறவர்கள் பிராணி வளர்க்கலாமா, இன்றைக்கு வண்டு, நாளைக்குப் பாம்பு என்று அளந்தான். அணிலுக்கும் அந்த வண்டின் மேல் ஒரு மனக்குறை இருந்தது. மத்தியானத்தில் அது றெக்கை அடிக்கும் உறுமல், தன் தூக்கத்தைக் கெடுக்கிறதாம்.

அணில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னது. "எனக்கு யாரும் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. ஆளுக்கு ஒன்று விட்டுக்கொடுங்கள். இனி மரத்தில் புகையும் கூடாது, வளர்ப்புப் பிராணியும் கூடாது."

ஆகா, என்ன நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். தவசிக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் குஞ்சை நினைத்து ஒப்புக்கொண்டான்.

பொன்னாயி அழவில்லை. வண்டை அலகால் மெல்லச் சன்னல்வரை தள்ளினாள். "பிள்ளை மூச்சு விடணும் கண்ணு. நீ போயிட்டு வா" என்றாள். தவசி அதை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டான்.

கருமன் என்ன செய்தான் தெரியுமா? மரத்தில்தானே கூடாது என்று இறங்கி, மரத்தடியில் வேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இழுத்தான். அடியில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே புகுந்து மறுபடியும் உச்சிக்கே போனது. தவசி அணிலிடம் ஓடினான். அணில் எட்டிப் பார்த்தது. தரை மரமாகாது, விதியை யாரும் மீறவில்லை என்று சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்தது.

ஒரு நாள் குஞ்சின் இருமல் நின்றுவிட்டது. அழுகைச் சத்தமும் இல்லை. உச்சிப் பொந்தில் மட்டும் டொக், டொக் என்று இடிக்கும் சத்தம் கேட்டது. பொன்னாயி தான் பூசிய சுவரைத் தானே உடைத்துக்கொண்டிருந்தாள். மண் கட்டி கட்டியாய்க் கருமன் தலையில் விழுந்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள்.

அவள் தத்தித் தத்திக் கிளைக்கு வந்தாள். அப்போதுதான் பார்த்தார்கள். அவள் சிறகில் பறக்கிற இறகு ஒன்றுகூட இல்லை. அடைகாக்கும்போது உதிர்ந்ததெல்லாம் இப்போதுதான் முள் முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது. கிளை அசைந்தபோது அவள் சரிந்தாள். தவசி பாய்ந்து அணைத்து நிறுத்தினான்.

உடைந்த வாசல் வழியாகக் காற்று உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்துக் குஞ்சு ஈனமாகக் கத்தியது. அதைக் கேட்ட பிறகுதான் பொன்னாயி வாய் திறந்தாள்.

"தலைவரே, ஆளுக்கு ஒன்று விடச் சொன்னீங்க. நான் எனக்குத் துணையா இருந்த வண்டை விட்டேன். கீழ்வீட்டுக்காரர் இடத்தை மட்டும் மாத்திக்கிட்டார். என் வண்டு இருந்தப்போ இந்த மரத்தில் யாருக்காவது மூச்சு முட்டிச்சா?"



கருமன் அந்த மொட்டைச் சிறகையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆற்றுக்குப் போனான். பீடியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, இரண்டு கையிலும் ஈரமண்ணை அள்ளி வந்தான். பொன்னாயி வீட்டுக்குள் திரும்பி, அந்த மண்ணால் வாசலை மறுபடி பூசினாள். அதன் பிறகு அவன் புகைக்கவே இல்லை.

அணில் அக்கரைக்குப் போய் இலை இலையாய்ப் புரட்டித் தேடியது. பொன்வண்டு கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் அணிலுக்கு மத்தியானத் தூக்கமே வருவதில்லை. அந்த உறுமல் எங்காவது கேட்காதா என்று காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தவர் மூச்சை அடைப்பதையும் நமக்குப் பிடிக்காமல் போவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால், அதற்கு நியாயம் என்று பேர் இல்லை.