ரீகனுக்கு எத்தனை வயது வரை

திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்காக சனி ஞாயிறுகளில் ஒரு வகுப்பு நடந்துவந்தது. கணக்கியலும் நிதித் திட்டமிடலும். பாடம் நடத்தியவர் பேராசிரியர் நஸ்ரின் பானு. வயது முப்பத்து நான்கு. வகுப்பில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அதனால் ஆண்களை எல்லாம் ‘சார்’ என்றே கூப்பிடுவார்.

அப்படி ஒரு மூத்த மாணவர் பஞ்சநாதன். நாற்பத்தாறு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடமாகப் பாலிசி விற்கிறவர். இந்தப் பட்டத்தை வாங்கிவிட்டால் பிராஞ்ச் மேனேஜர் ஆகிவிடலாம். மார்ச்சுக்குள் வாங்க வேண்டும், இல்லையென்றால் அந்த நாற்காலி அவரைவிடச் சின்னவன் ஒருவனுக்குப் போய்விடும்.

பரீட்சைகள் எல்லாம் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது ப்ராஜெக்ட். உண்மையான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் ஆயுளுக்கும் ஒரு நிதித் திட்டம் போட வேண்டும். அதில் பேராசிரியர் கையெழுத்திட வேண்டும்.

“அவ்வளவுதானே” என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

முதலில் தில்லைநகரில் ஒரு டாக்டர் தம்பதிக்குத் திட்டம் போட்டார். கலர் கலராக வரைபடங்கள், ஸ்பைரல் பைண்டிங். பேராசிரியரின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் வேலை செய்யாது. மூச்சு வாங்கிக்கொண்டே போய் மேசையில் வைத்தார்.

நஸ்ரின் புரட்டிப் பார்த்தார்.

“இவங்களுக்கு நீங்க எதுக்கு சார்?”

“புரியல மேடம்.”

“இதைக் கிழிச்சுப் போட்டாலும் இவங்க நல்லாத்தான் இருப்பாங்க. திட்டம் இல்லாட்டி தடுமாறுற வீடு ஒண்ணைப் பாருங்க.”

பஞ்சநாதன் படி இறங்கினார். அப்போதுதான் அவருக்குச் சகாயமேரியின் ஞாபகம் வந்தது.

பாலக்கரையில் அவர் வீட்டுத் தெருமுனையில் மாவுக்கடை வைத்திருக்கிற அம்மா. ஐம்பத்தெட்டு வயது. கணவர் இல்லை. ஒரே மகன் ரீகன். முப்பத்தொரு வயது, பேச்சு வராது. குளிப்பாட்டி விட வேண்டும், ஊட்டி விட வேண்டும். பகல் முழுவதும் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். கிரைண்டர் ஓடும்போது அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரிப்பான். கரண்ட் போனால் அழுவான்.

அந்த அம்மா முன்பே ஒருமுறை கேட்டிருந்தார். “நான் போன பெறகு இவனுக்கு என்ன வழின்னு ஒரு கணக்குப் போட்டுக் குடுங்களேன் சார்.”

“பாத்துக்கலாம்மா” என்று சொல்லிவிட்டு மாவு பாக்கெட்டோடு வந்துவிட்டார் பஞ்சநாதன். அதில் விற்க எதுவும் இல்லை.

இப்போது அவரே போய்க் கேட்டபோது சகாயமேரி சந்தோஷமாக எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். வங்கிப் புத்தகம், ஃபிக்சட் டெபாசிட் ரசீது, அரசு தருகிற உதவித்தொகை வரவு. பஞ்சநாதன் குறித்துக்கொண்டிருக்கும்போது ரீகன் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டான். கடைசிவரை தரவில்லை.

“விடுங்க சார், அவனுக்குப் பிடிச்சிருக்கு” என்றார் சகாயமேரி.

பஞ்சநாதன் கம்ப்யூட்டரில் கணக்கைப் போட்டார். அந்த அம்மா அறுபத்தைந்து வரை கடை நடத்துவார், எழுபத்தைந்து வரை இருப்பார். ரீகனுக்கு எழுபது. அம்மா போன பிறகு அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், சாப்பாடு, மருந்து, வாடகை.

கடைசி வரி சிவப்பாக நின்றது. ரீகனின் ஐம்பத்து மூன்றாவது வயதில் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது.

இருபது வருட அனுபவம் சும்மாவா. வட்டியைப் பதினான்கு சதவீதமாக மாற்றினார். பச்சை.

நஸ்ரின் அந்தப் பதினான்கைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். “இதை யார் தர்றாங்க சார்?”

“பங்குச் சந்தையில நீண்ட காலத்துக்கு…”

“அந்த அம்மா கஞ்சிக்கு வெச்சிருக்கற பணம் இது. சந்தையில போடுவாங்களா?”

திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் வட்டியைக் குறைத்து, சகாயமேரி எழுபத்து மூன்று வயதுவரை கடை நடத்துவதாக எழுதிக் கொண்டுபோனார்.

“அவங்க கால் எப்படி இருக்கு?”

“காலா?”

“முப்பது வருஷமா நின்னுக்கிட்டே மாவு அரைக்கிறவங்க. முழங்கால் எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?”

பஞ்சநாதன் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தார். அந்த அம்மா தராசுப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

அதற்கடுத்த முறை, பார்த்துக்கொள்கிற ஆளின் சம்பளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘உறவினர் கவனிப்பார்’ என்று எழுதினார்.

“எந்த உறவினர்?”

“யாராவது இருப்பாங்க மேடம். அண்ணன் தம்பி, சித்தப்பா பிள்ளைங்க…”

“பேரை எழுதிட்டு வாங்க.”

எழுதப் பெயர் இல்லை. சகாயமேரியின் அண்ணன் ஒருவர் மணப்பாறையில் இருந்தார். அவருக்கே எழுபது.

வீட்டில் மனைவி கேட்டாள். “ஊர்ல எத்தனை வீடு இருக்கு. வேற ஒரு வீட்டை எடுத்துக்கிட்டா என்ன?”

“அந்த அம்மா தினமும் கேக்குறாங்கடி, சார் என்ன ஆச்சுன்னு. மாவு வாங்கவே அந்தப் பக்கம் போக முடியல.”

“அப்ப நாம இனிமே இட்லியே சுட முடியாதா?”

அந்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பஞ்சநாதன் பேராசிரியரை வராந்தாவில் நிறுத்திவிட்டார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“மேடம், நான் நூத்துக்கணக்கான குடும்பத்துக்குக் கணக்குப் போட்டவன். இது என்ன செஞ்சாலும் சரியா வரலை. எனக்கு மார்ச் வரைக்கும்தான் டைம். என்னதான் வேணும் உங்களுக்கு?”

“கணக்கு.”

“அதைத்தானே கொண்டுவர்றேன்!”

“நீங்க விடையைக் கொண்டுவர்றீங்க சார்” என்றார் நஸ்ரின். அவருக்கும் அலுத்துப் போயிருந்தது. அன்றைக்கு மட்டும் அவரை அப்படி நிறுத்திய மாணவர்களில் பஞ்சநாதன் நான்காவது ஆள்.

திங்கட்கிழமை, ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம். பஞ்சநாதன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். எல்லாக் கட்டத்திலும் கை வைத்தாயிற்று. வைக்காதது ஒன்றுதான். ரீகனின் ஆயுள்.

எழுபதை அறுபத்தைந்தாக்கிப் பார்த்தார். பிறகு அறுபது. ஐம்பத்து மூன்று என்று அடித்ததும் கடைசி வரி பச்சையானது.

இந்தத் தடவை எதுவும் துருத்திக்கொண்டு தெரியவில்லை. வட்டி நியாயமான வட்டி. முழங்காலுக்கு வேலை குறைவு. பார்த்துக்கொள்கிற ஆளுக்குச் சம்பளம் இருந்தது. பஞ்சநாதன் தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

நஸ்ரின் பக்கம் பக்கமாகப் படித்தார். ஓர் இடத்தில் நின்றார். பஞ்சநாதன் மின்விசிறியைப் பார்த்தார்.

“இந்த ஐம்பத்து மூணு எப்படி சார் வந்தது?”

“இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஆயுள் கொஞ்சம் கம்மிதான்னு சொல்லுவாங்க மேடம்.”

“யாரு?”

“பொதுவா.”

நஸ்ரின் சிவப்பு மைப் பேனாவை எடுக்கவில்லை. ஃபைலை மூடினார்.

“கையெழுத்துப் போடறேன்.”

பஞ்சநாதனுக்கு உயிர் வந்தது.

“அதுக்கு முன்னாடி இதை அந்த அம்மாகிட்ட படிச்சுக் காட்டிட்டு வாங்க. எல்லா வரியையும். சத்தமா.”

“ப்ராஜெக்ட் விதியில அப்படி எதுவும் இல்லையே மேடம்.”

“இல்லை.”

“அப்புறம்?”

“அவங்களுக்குப் போட்ட திட்டம்தானே சார்? அவங்களுக்குப் படிக்கிறதுல என்ன?”

படி இறங்கும்போது பஞ்சநாதன் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனார். இந்தப் பொம்பளைக்கு இதே வேலை. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும். சரி, ஒரு அரை மணி நேரம். படித்துவிட்டால் தீர்ந்தது.

மூன்று மணிக்கு மாவுக்கடையில் கூட்டம் இருக்காது. சகாயமேரி கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டார், மாதா கோவிலில் உட்கார்வது போல. ரீகன் ஸ்டூலில் இருந்தான்.

பஞ்சநாதன் வேகமாகப் படித்தார். வரவு, செலவு, வைப்புநிதி, வட்டி. வயதுகள் போட்டிருந்த பக்கம் வந்ததும் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டினார்.

“எனக்கு எத்தனை வயசு வரைக்கும் சார் போட்டிருக்கீங்க?”

“எழுபத்தஞ்சும்மா.”

“ரீகனுக்கு?”

பஞ்சநாதன் தண்ணீர் கேட்டார். சகாயமேரி எழுந்து போய்க் கொண்டுவந்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அதே குரலில் திரும்பவும் கேட்டார்.

“ரீகனுக்கு சார்?”

“ஐம்பத்து மூணு.”

சகாயமேரி விரல்விட்டு எண்ணினார். மெதுவாக, உதடு அசைய.

“நான் போனப்பறம் அஞ்சு வருஷமா?”

“ஆமாம்மா.”

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். கிரைண்டர் ஓடவில்லை. ஆனாலும் ரீகன் அதன் மேல் கை வைத்திருந்தான்.

“தினம் ஜெபத்துல ஒண்ணுதான் சார் கேக்குறேன். எனக்கு ஒரு நாள் முன்னாடி இவனைக் கூப்பிட்டுக்க ஆண்டவரேன்னு. பெத்தவ கேக்குற வேண்டுதலா அது. யார்கிட்டயும் சொன்னதில்ல, ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்பகூடச் சொன்னதில்ல.” முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “நான் ஒரு நாள்கூட வேணாம்னு கேக்குறேன். நீங்க அஞ்சு வருஷம் குடுத்திருக்கீங்க. கணக்குல அப்படியா சார் வருது?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா நம்பியிருப்பார். வணக்கம் சொல்லி அனுப்பியிருப்பார்.

“இல்லம்மா” என்றார் பஞ்சநாதன். “கணக்குல வரல. நான் போட்டேன்.”

“ஏன்?”

“அதுக்கு மேல போட்டா பணம் பத்தலை.”

சகாயமேரி அடிக்கப் போகிறார் என்றுகூடப் பஞ்சநாதனுக்குத் தோன்றியது. அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

“அப்ப அஞ்சு வருஷத்துக்குப் பத்துமா? அதுவும் நீங்களா போட்டதா?”

“இல்ல இல்ல. அது நெசம். அது கணக்குல வருது.”

“மெய்யாவா?”

“மெய்யாத்தான்.”

“நான் கண்ணை மூடுன அன்னைக்கே இவன் தெருவுலன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” அவர் குரல் மாறிவிட்டது. கடையில் பாக்கெட் விலை சொல்கிற குரல். “அதுக்கப்பறம் மாசம் எவ்வளவு குறையும்?”

பஞ்சநாதன் சொன்னார்.

“அப்ப அதை எழுதுங்க. எந்த வருஷத்துலேருந்து, எவ்வளவு குறையுதுன்னு தெளிவா எழுதுங்க. நான் ஃபாதர்கிட்ட போய்க் கேக்கலாம், பிள்ளைங்களைப் பாத்துக்குற இல்லத்துல போய்க் கேக்கலாம். என்னன்னே தெரியாம யார்கிட்ட சார் போய்க் கேக்குறது?”

எழுத பஞ்சநாதனிடம் பேனா இல்லை. சகாயமேரி பால்காரருக்குக் கணக்கு எழுதுகிற பென்சிலைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சநாதன் மூன்றாவது மாடிக்கு ஏறினார். ஃபைலை மேசையில் வைக்கவில்லை, போட்டார்.

“பத்தலை மேடம். ரீகனுக்கு எழுபது. ஐம்பத்து மூணுலேருந்து பத்தலை. எப்படிப் பாத்தாலும் பத்தலை. ஃபெயில் பண்றதுன்னா பண்ணிக்குங்க. இனிமே ஒரு கட்டத்துல கை வைக்க மாட்டேன். பிராஞ்ச் மேனேஜரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

நஸ்ரின் முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவசரப்படவில்லை. கடைசி வரி சிவப்பாகவே இருந்தது. அதன் கீழே, வருடமும் மாதாமாதம் குறைகிற தொகையும், கேட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு இடங்களும் எழுதப்பட்டிருந்தன.

நீல மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பஞ்சநாதனுக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“இதுக்குப் போயா கையெழுத்து? இத்தனை வாரம் பச்சையா கொண்டுவந்தேன், திருப்பி அனுப்புனீங்க. இப்ப பத்தாத திட்டத்தைக் கொண்டுவந்தா போட்டுட்டீங்க. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு அந்தப் பையன் என்ன பண்ணுவான்? அந்த இடத்துல நான் என்னன்னு எழுதறது, அதைச் சொல்லுங்க மேடம்.”

நஸ்ரின் ஃபைலைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க உங்க கையெழுத்து. அதுக்குக் கீழ உங்க போன் நம்பர். அந்த அம்மாவுக்கு ஒரு காப்பி.”

பஞ்சநாதன் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“அப்ப எனக்கு அறுபத்தெட்டு வயசு ஆகியிருக்கும் மேடம்.”

“தெரியும். நம்பரை மட்டும் மாத்தாதீங்க.”