இடுப்புயர லைட்டர்

பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த சௌந்தரபாண்டி, வியாபாரிகள் சங்கத்துக்கும் தலைவர். சின்னப்பிள்ளைகளுக்குச் சிகரெட் விற்கக்கூடாது என்று சங்கத்தில் மணிக்கணக்காகப் பேசியவரும் அவரேதான். சோதனைக்கு வந்த அதிகாரியிடம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதில்லை என்ற பலகையைப் பெருமையாகக் காட்டினார்.

"சந்தேகம்னா செல்லக்கிளியைக் கேளுங்க சார்."

செல்லக்கிளி அவர் கடை நிழலில் கொய்யாப்பழம் விற்கிறவள். உண்மையைச் சொன்னால் நிழல் போய்விடும். பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"நான் என்னத்தச் சொல்றது சார். அந்தா, சிகரெட் பத்தவைக்க லைட்டர் தொங்குது. ஒருதடவை பத்தவச்சுப் பாருங்களேன்."

திருட்டுப் போகாமலிருக்கக் குட்டைக் கயிற்றில் கட்டிய லைட்டர் அது. அதிகாரி இழுத்துப் பார்த்தார். அவர் இடுப்புக்கு மேல் வரவில்லை. முதுகை வளைத்துக் குனிந்த பிறகுதான் வாய்க்கு எட்டியது.

"ஏன் தலைவரே, இவ்வளவு தாழ்வாக் கட்டியிருக்கீங்க?"

தலைவர் தோள்துண்டை எடுத்துப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

கொய்யாவுக்குத் தண்ணீர் தெளித்தபடியே செல்லக்கிளி சொன்னாள்: "இத்தனை நாள்ல அதுல குனிஞ்சு பத்தவச்ச மொத ஆளு நீங்கதான் சார்."