மலையுச்சிக்கு வந்த மயில்

பனிமுடி மலையின் உச்சியில் ஒரு வரையாட்டுக் கூட்டம் வாழ்ந்தது. அதன் தலைவர் பெயர் கொடுமுடியார். அந்த மலையில் அவருக்கு மேலே இருந்தது மேகம் மட்டும்தான். அதனால் மேகத்தைத் தவிர வேறு யாரையும் அவர் அண்ணாந்து பார்த்ததில்லை.

குளிர் என்பது தன் சொந்தச் சொத்து என்று அவருக்கு நினைப்பு. ஒவ்வொரு மார்கழியிலும் முதல் உறைபனி விழுந்த காலையில், வெளுத்துக் கிடக்கும் புல்மேல் அவர்தான் முதல் குளம்பை வைப்பார். கூட்டமே சுற்றி நின்று ஆரவாரம் செய்யும். இந்த மார்கழியில் பனி விழவே இல்லை. விழா நின்றுபோனது. தலைவருக்கு மனசே சரியில்லை. பனி விழாததற்காக அல்ல, விழா நடக்காததற்காக!

"என்னங்க, சோலை ஊத்து இளைச்சுப் போச்சு. நம்ம குட்டி பாறையை நக்கித்தான் தாகத்தைத் தணிச்சுக்குது" என்றாள் அவர் மனைவி சாரல்.

"ஊத்துன்னா கூடும், குறையும். நீ அதையே பாத்துக்கிட்டு நிக்காதே!" என்றார் கொடுமுடியார்.

அப்போதுதான் மூச்சு வாங்க ஒரு மயில் புல்வெளிக்கு ஏறி வந்தது. அந்த உச்சியில் அதுவரை யாரும் மயிலைப் பார்த்ததில்லை. தோகையெல்லாம் புழுதி. திறந்த அலகு மூடவில்லை.

"ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி..."

கருமந்தி அதை முடிக்கவிடவில்லை. கருமந்தி என்பது பக்கத்துச் சோலையில் இருந்த கரிய குரங்கு. அதற்கு வேலை என்று எதுவும் கிடையாது. ஆனால் விழா என்றால் அதுதான் பேசும்.

"ஆஹா, மயில்! மங்கலப் பறவை! தலைவரே, உங்க புகழ் அடிவாரம் வரைக்கும் போய் மயிலையே கூட்டிக்கிட்டு வந்திருக்கு!"

"அப்படியா?" என்றார் கொடுமுடியார். கொம்பு ஒரு சாண் வளர்ந்துவிட்டதுபோல் அவருக்கு இருந்தது.

"அதெல்லாம் இல்லீங்க!" என்று மயில் பதறியது. "கீழே மார்கழியிலயும் வெயில் தாங்கலை. குட்டை வத்திப்போச்சு. எங்க முட்டையெல்லாம் சூட்டுலேயே கெட்டுப்போச்சு. உயிரைக் காப்பாத்திக்க ஓடி வந்தேன்!"

"அடடா, என்ன அடக்கம்! பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்குத்தான் இப்படிப் பேச வரும்!" என்றது கருமந்தி.

கூட்டம் குளம்புகளைத் தட்டி ஆரவாரம் செய்தது. காட்டுப் பூவரசின் சிவந்த பூக்களால் மயிலுக்கு மாலை விழுந்தது. தலைவருக்குக் 'குளிர்மலைக் காவலர்' என்று பட்டம் விழுந்தது. கருமந்தி வரவேற்புரையை முடிப்பதற்குள் இரண்டு கிழட்டு ஆடுகள் நின்றபடியே தூங்கிவிட்டன. மயிலுக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் யாருக்கும் நினைவில்லை.

சாரல்தான் அதை ஊற்றுக்கு அழைத்துப்போனாள்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. அந்தச் சூடு அங்கேயே நின்னுடுமா?"

"எங்கே நிக்குது? ஒவ்வொரு கோடையும் கொஞ்சம் மேலே ஏறுதும்மா. அதுக்கு முன்னாலே நான் ஏறிக்கிட்டிருக்கேன்!"

சாரல் கணவனிடம் ஓடினாள். "என்னங்க, சூடு இங்கேயும் வரப்போகுது! கீழ்ச்சோலையில ஈரம் இருக்கும்போதே இறங்கி, பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ல இருக்கிற பெரிய மலைக்குப் போயிடலாம். நம்ம குட்டிக்காகவாவது கேளுங்க!"

"விருந்தாளி வர்ற நேரத்துல வீட்டை விட்டுட்டுப் போறதா? நாலு பேர் என்ன பேசுவாங்க!" என்றார் கொடுமுடியார்.

விருந்தாளிகள் நிற்காமல்தான் வந்தார்கள். அடுத்ததாகக் கொசுக்கள் வந்தன. அந்த மலையின் குளிரில் கொசு பிழைத்ததே இல்லை. கருமந்தி அவற்றையும் விடவில்லை. "இதோ, அடிவாரத்து இசைக்குழு!" என்று அறிமுகம் செய்தது. கொசுக்கள் தலைவரின் காதோரம் பாடின. அவர் கடிபட்ட இடத்தைப் பாறையில் தேய்த்துக்கொண்டே தலையாட்டி ரசித்தார்.

மயிலும் திருந்திவிட்டது. முதலில் எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிப் பார்த்தது. யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டாவது மாலை விழுந்ததும் பேச்சை நிறுத்தியது. மூன்றாவது மாலைக்கு, "தலைவரோட புகழைக் கேட்டுத்தான் வந்தேன்" என்று அதுவே சொல்ல ஆரம்பித்தது. அன்று முதல் அதற்குச் சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

மாசியில் ஊற்று நூலாக இழைந்தது. கூட்டம் முணுமுணுத்தது.

"எதுக்குப் பயம்? நம்ம மயில் ஆடட்டும், மழை கொட்டட்டும்!" என்றது கருமந்தி.

மயில் தோகை விரித்து ஆடியது. ஒரு மேகம் வந்தது, எட்டிப் பார்த்தது, போய்விட்டது.

"மேகம் வந்து பாத்துட்டுப் போயிருக்கு! முதல் கட்ட வெற்றி!" என்று கூவியது கருமந்தி. அதற்கும் ஒரு பாராட்டு விழா நடந்தது.

பங்குனியில் ஊற்று நின்றது. சித்திரையில் காய்ந்து கிடந்த கீழ்ச்சோலையில் தீப்பிடித்தது. எதிர் மலைக்குப் போக இருந்த ஈரப் பாதை முழுவதும் சாம்பலானது. புல் பழுப்பேறிக் குளம்பு பட்டதும் நொறுங்கியது. சாரலின் மடியில் பால் வற்றியது. குட்டி எழுந்து நிற்பதும் விழுவதுமாக இருந்தது. அதைப் பார்க்கக் கொடுமுடியாருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

ஒருநாள் காலையில் மயில் கழுத்து மாலையை உதறிப் போட்டது.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார் கொடுமுடியார்.

"சூடு இங்கேயும் வந்துடுச்சு. இன்னும் மேலே போகணும்."

"இதுக்கு மேலே ஏது மலை?"

"எனக்கு இறக்கை இருக்கு, எதிர் மலைக்குப் போயிடுவேன். நீங்கதான்..." மயில் குட்டியைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"இப்படி ஆகும்னு ஏன்யா முன்னாடியே சொல்லலை?" என்று கத்தினார் கொடுமுடியார்.

"வந்த அன்னைக்கே சொன்னேன். நீங்க ஆரவாரம் பண்ணினீங்க!"

மயில் பள்ளத்தாக்கின்மேல் பறந்து மறைந்தது. கொடுமுடியார் யோசனை கேட்கக் கருமந்தியைத் தேடினார். சோலை காலியாக இருந்தது. கருமந்தி முன்தினமே இடம் மாறிவிட்டதாம். வாழ்த்துரை எதுவும் சொல்லாமல் அது போனது அதுதான் முதல்முறை.

வேறு வழியில்லை. அவர் கூட்டத்தோடு கீழே இறங்கினார். சாம்பலில் கால் சுட்டது. குட்டி இரண்டடிக்கு ஒருமுறை உட்கார்ந்தது. சாரல் அவரைத் திரும்பிப் பார்க்காமல் குட்டியை முட்டி எழுப்பி நடத்தினாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருந்தது.

பாதி மலையில் ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் எதிரே ஏறி வந்தது.

"மேலே குளிர்ச்சியா இருக்குமாமே! உண்மைதானே?" என்றது தாய்ப்பன்றி.

கொடுமுடியார் தலை குனிந்தார். "இல்லைம்மா. ஊத்து செத்துப்போச்சு. நாங்க தண்ணி தேடிக் கீழே போறோம்."

"கீழேயா? அங்கே இருந்தா நாங்க ஏன் ஏறி வர்றோம்?"

ஏற வந்தவர்களும் இறங்க வந்தவர்களும் அப்படியே நின்றார்கள்.

"அப்பா, அப்போ நாம எங்கே போறது?" என்று கேட்டது குட்டி.

குளிர்மலைக் காவலர் அண்ணாந்து மேகத்தைத் தேடினார்.

ஓடி வந்தவனை ஏன் ஓடி வந்தாய் என்று கேட்காமல் மாலை போடுகிறவன், தான் ஓடவேண்டிய நாளில் போக்கிடம் இல்லாமல் நிற்பான்.