வெயிலில் வந்த வெள்ளை வல்லூறு

முன்னொரு காலத்தில், ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், மூன்று வெள்ளை வல்லூறுகளோடு ஒரு கப்பல் முத்தலைத் துறையில் வந்து நின்றது. நாட்டை அப்போது ஆண்டவன் விறல்மாறன். கேட்டது கையில் கிடைக்காவிட்டால் யார் தலையையாவது கேட்கும் குணம் அவனுக்கு.

பறவைகள் வடகோடிப் பனிநாட்டில் பிடிபட்டவை. வல்லூறுகளில் இதைவிடப் பெரிய இனம் இல்லை என்றான் மாலுமி.

"மூன்றில் பெரியது எது?" என்றான் அரசன்.

"இதோ, ஆண்சிங்கம் போல நிற்கிறதே, இதுதான் அரசே!" என்றான் படைத்தலைவன் ஏறன்.

"அது பெண், ஏறனாரே. இந்த இனத்தில் பெண்தான் பெரியது" என்றார் மந்திரி நக்கண்ணர். மாலுமியோடு ஒரு மாலை முழுவதும் பேசியிருந்தார் அவர்.

அரசனுக்குச் சுவை தட்டியது. "கூடு எப்படிக் கட்டும்?"

"கட்டாது. செங்குத்துப் பாறையில் அண்டங்காக்கை கட்டிவிட்டுப் போன பழைய கூட்டில் முட்டையிடும்."

"அரசப் பறவை காக்கை வீட்டிலா!"

"இந்தக் கோட்டையைக் கட்டியதும் தங்கள் மாமனார்தானே, அரசே."

அவை சிரித்தது. அரசனும் சிரித்தான். ஏறன் மட்டும் சிரிக்கவில்லை.

பறவைகளை வளர்க்கும் பொறுப்பு பூதன் என்ற பணியாளுக்கு வந்தது. அவனை அந்த வேலைக்கு வைத்தவர் மந்திரி. பங்குனி முடிவதற்குள் இரண்டு பறவைகள் வாய் பிளந்து, மூச்சிரைத்துச் செத்தன. பூதன் விழுந்தால் மந்திரியும் சரிவார் என்று கணக்குப் போட்டான் ஏறன்.

"விஷம், அரசே! இரையில் விஷம் வைத்திருக்கிறான்."

"கழுவேற்றுங்கள்" என்றான் அரசன். விசாரணை அவ்வளவுதான்.

பூதன் மந்திரியின் காலில் விழுந்தான். "ஐயா, ஈரத்துணி போட்டேன், விசிறினேன். வேறு என்ன செய்ய?"

நக்கண்ணர் அரசனிடம் போனார். "ஒரு பகல் தவணை கொடுங்கள். விஷத்தை அவையிலேயே காட்டுகிறேன்."

பந்தயம் என்றால் அரசன் விடமாட்டான். சித்திரை முதல் நாள் உச்சிவேளையில் முற்றத்தில் அவை கூடியது. கப்பலில் வந்த கனத்த மயிர்த்தோல் அங்கியையும் மயிர்க் காலுறையையும் மந்திரி கொண்டுவந்தார்.

"இந்தப் பறவைக்குக் கால்வரை இறகு. பனிக்கட்டி மிதக்கும் கடல்மேல் குளிர்காலத்தைக் கழிப்பது. ஏறனார் அதன் உடுப்பில் மாலைவரை இங்கே நிற்கட்டும். பூதன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். உணவெல்லாம் அரண்மனைச் சமையல்."

"இரும்புக் கவசத்தில் போர் செய்தவன் நான். இது எனக்குத் தூசு!" என்று மாட்டிக்கொண்டான் ஏறன்.

முதல் நாழிகையில் முகம் சிவந்தது. அடுத்ததில் இரண்டு குடம் மோர் போயிற்று. பிறகு வாய் பிளந்து மூச்சிரைத்தான். மாலை நிழல் முற்றத்துத் தூணைத் தொடுவதற்குள் மரம்போலச் சாய்ந்தான்.

"அரண்மனைச் சமையலில் விஷம் வைத்தது யார், அரசே?" என்று கேட்டார் மந்திரி.

அரசன் தொடையைத் தட்டிச் சிரித்தான். தண்ணீர் ஊற்றி எழுப்பப்பட்ட ஏறன், அந்த அங்கியோடே பூதன் முன் நின்று பொய் சொன்னதை ஒப்புக்கொண்டான். பூதனுக்கு உயிர் மிஞ்சியது. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது.

மந்திரி மாலையைக் கையில் வைத்தபடியே கேட்டார்: "இதற்குப் பதிலாக, மிஞ்சிய பறவையை மேற்கு மலையுச்சிக்காவது அனுப்புங்கள், அரசே. அங்கே காற்றாவது குளிரும்."

"அனுப்பிவிட்டால் ஊர்வலத்தில் என் கையில் எது உட்காரும்? நல்ல பகடி, மந்திரி!" என்று எழுந்துபோனான் அரசன்.

பூதன் மறுபடி விசிறியை எடுத்தான்.

ஆனி மாதம் ஏழாம் நாள் வல்லூறு இறந்தது. அன்று யாரையும் கழுவேற்றவில்லை.